நாலு கதவுக்காரர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. வீட்டுக்கென்று செய்த எந்தச் சாமான் மீதும் அந்த இனத்தாருக்கு நம்பிக்கை கிடையாது. ஓட்டலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, கப்பலுக்கு, கல்யாண மண்டபத்துக்கு என்று செய்தவைதான் அவர்களுக்குச் சாமான், மற்றதெல்லாம் சொப்பு. கடைக்குப் போனால் விலையைக் கேட்பதற்கு முன்னால் விரலை மடக்கிப் பொருளின் விலாவில் இரண்டு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டு, தகட்டின் கனம் போதாது என்று கண்டுபிடித்து, கடைக்காரரைப் பரிதாபமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது வூட்டு அயிட்டம்பா" என்று முணுமுணுத்தபடி வெளியேறுவார்கள். அப்படியானால் வாங்கவே மாட்டார்களா? வாங்குவார்கள். அதையே நாலு மடங்கு பெரிதாக, எட்டு மடங்கு கனமாக, யாரோ ஒருவர் தொழில் நடத்தி நொடித்துப்போன இடத்திலிருந்து வாங்குவார்கள். நான் இந்த இனத்துக்கு வைத்திருக்கும் பெயர் கம்பெனி அயிட்டக்காரர்.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். வீட்டுக்குள் ஒரு சுற்று வந்தால் போதும். கழிவறையில் இருபது லிட்டர் கேனில் பினாயில் இருக்கும். பெண்ணுக்குக் கல்யாணமாகிப் பேரன் பிறந்து அவன் எல்கேஜி சேர்ந்த பிறகும் அதில் பாதி மிச்சம் இருக்கும். அடுப்பின் மேல் ஒரே நேரத்தில் பன்னிரண்டு தோசை வார்க்கக்கூடிய கல் ஒன்று கிடக்கும். அது சூடாவதற்குள் சாப்பிட வந்தவருக்குப் பசி அடங்கிவிடும். கூடத்தில் ஆலைகளில் ஓடுகிற பெரிய பெடஸ்டல் ஃபேன் ஒன்று நிற்கும். அதைப் போட்டால் உங்கள் தட்டில் இருக்கும் அப்பளம் அடுத்தவர் தட்டுக்குப் போகும், சுவரில் தொங்கும் காலண்டர் அடுத்த வருஷத்துக்குப் போகும், நீங்கள் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் சாப்பிட வேண்டும். காற்று எப்படி என்று வீட்டுக்காரர் கேட்பார். நன்றாக இருக்கிறது என்று கத்திச் சொல்லவேண்டும். மெதுவாகச் சொன்னால் கேட்காது.

எங்கள் காம்பவுண்டில் இந்த இனத்தின் பிரதிநிதி ஜெயவேல். ராயபுரத்தில், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பத்து நிமிட நடையில், எட்டு வீடுகள் கொண்ட காம்பவுண்டு எங்களுடையது. அவர் வீடு எனக்கு எதிர்வீடு. எர்ணாவூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷமாக ஸ்டோர் கீப்பர். போல்ட்டு, நட்டு, பேரிங், கிரீஸ், கையுறை என்று எதுவும் அவர் கையெழுத்து இல்லாமல் அந்தக் கிடங்கைவிட்டு வெளியே போகாது. நல்ல மனிதர், அதில் சந்தேகமே வேண்டாம். காம்பவுண்டில் யாருக்காவது நெஞ்சு வலித்தால் முதலில் ஆட்டோ பிடிக்க ஓடுகிறவர் அவர்தான். அவரிடம் உள்ள ஒரே கோளாறு, சாயங்காலம் ஷிப்டு முடிந்து வரும்போது கிடங்கைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வருவார், ஆனால் கிடங்குக்காரரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

அவர் மனைவி வேம்பு. முப்பத்தோரு வருஷமாக அந்தத் தோசைக்கல்லைத் தூக்கித் தூக்கி மணிக்கட்டு மரத்துப்போன பொறுமைசாலி. பினாயிலையும் ஃபேனையும் சகித்துக்கொண்ட அந்த அம்மாளுக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும் சொந்தமாக இருந்தது. தினம் காலை ஏழரை மணிக்குச் சிலுவையம்மாள் வருவது.

சிலுவையம்மாள் காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிறவர். பத்தொன்பது வருஷமாக அவர் தலையிலிருந்து அன்னக்கூடை முதலில் இறங்குவது வேம்பு வாசலில்தான். இறக்கிவைக்க ஒரு கை கொடுப்பது வேம்பு. பிறகு செவுளைத் தூக்கிப் பார்ப்பது, கண்ணை அழுத்திப் பார்ப்பது, "நேத்து மீன என் தலைல கட்ட பாக்குறியாக்கா" என்று வேம்பு சண்டைக்குப் போவது, "ஒன் கண்ணுல கொள்ளி வெக்க" என்று சிலுவை அன்போடு சபிப்பது, ஒரு டம்ளர் டீ, அதற்குள் இரண்டு குடும்பத்து நல்லது கெட்டது எல்லாம் ஓடிவிடும். மொத்தம் இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தில் வேம்பு சிரிக்கிற சிரிப்பு என் வீட்டு அடுக்களை வரை கேட்கும். அதன் பிறகு நாள் முழுக்கக் கேட்காது.

இந்த நிலையில் போன பிப்ரவரி மாதம் ஜெயவேல் வீட்டு ஃப்ரிட்ஜின் கைப்பிடி ஆடியது. ஆடியது அவ்வளவுதான். ஒரு திருகாணியைத் திருகினால் போதும். நீங்களும் நானும் திருகியிருப்போம். கம்பெனி அயிட்டக்காரர் திருகமாட்டார்; அவர் காத்துக்கொண்டிருந்ததே அந்த ஆட்டத்துக்குத்தான். ஃப்ரிட்ஜைச் சுற்றி இரண்டு முறை வந்து, விலாவில் தட்டி, பெருமூச்சு விட்டு, "கண்டம்" என்று தீர்ப்புச் சொன்னார். தொழிற்சாலையில் ஒரு பொருளை இனி உதவாது என்று கண்டம் பண்ணிவிட்டால் அப்புறம் அதற்கு மேல்முறையீடு கிடையாது.

அடுத்து என்ன வாங்குவது? இங்கேதான் இந்த இனத்தின் முக்கியமான சடங்கு வருகிறது, கவனியுங்கள். அதற்குப் பெயர் கலந்தாலோசனை. கம்பெனி அயிட்டக்காரர் யாரையும் கேட்காமல் எதையும் செய்யமாட்டார். காம்பவுண்டில் எட்டு வீட்டிலும் கேட்டார், எர்ணாவூரில் கேன்டீனில் கேட்டார், கும்மிடிப்பூண்டி ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத மனிதரைக் கேட்டார். ஓட்டலில் வைக்கிற நாலு கதவு ஸ்டீல் ஃப்ரிட்ஜை வீட்டில் வைக்கலாமா, கூடாதா? மேலே இரண்டு கதவு ஃப்ரீசர், கீழே இரண்டு கதவு சாதாக் குளிர், ஆயிரம் லிட்டர், அடியில் சக்கரம். வைக்கலாம் என்றவர்கள் விவரம் தெரிந்தவர்கள். வேண்டாம் என்றவர்களுக்கு மீண்டும் ஒருமுறை முதலிலிருந்து விளக்கினார். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றவர்கள் பாவம், வீட்டு அயிட்டத்திலேயே வாழ்ந்து பழகியவர்கள். என்னையும் கேட்டார். வீட்டில் இரண்டே பேர்தானே, ஆயிரம் லிட்டரில் எதை வைப்பீர்கள் என்று கேட்டேன். "மாமு, எடம் இருந்தா சரக்கு தானா வரும்" என்றார். அப்புறம்தான் தெரிந்தது, முன்பணம் கொடுத்து ஐந்து நாள் ஆகிவிட்டிருந்தது.

முன்பணம் வாங்கியவர் மஜீது பாய். பழைய வண்ணாரப்பேட்டையில், மூடிப்போன ஓட்டல்களின் சாமான்களை வாங்கிச் சுத்தம் செய்து விற்கிறவர். இந்தக் கதையிலேயே பொருளை விற்றால் லாபம் அடையக்கூடிய ஒரே மனிதர் அவர்தான். வேண்டாம் என்று மனதார வாதாடிய ஒரே மனிதரும் அவர்தான். மீதிப் பணம் கட்ட ஜெயவேல் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்ததால் நேரிலேயே கேட்டேன். வீட்டுக்கு என்று தெரிந்ததும் பாயின் முகம் மாறியது. ஓட்டலில் ஒரு நாளைக்கு முந்நூறு தடவை திறந்து மூடுவார்கள், அதற்காகச் செய்தது, அதனால் அதன் மோட்டார் ஓயாது என்றார். சமையலறையில் வைத்தால் பின்பக்கச் சூடு அடுப்பைவிட மோசமாக இருக்கும் என்றார். காய்கறிப் பெட்டி கிடையாது, முட்டைக்குக் குழி கிடையாது, கம்பித்தட்டுதான் என்றார். கெட்டுப்போனால் வீட்டு ஃப்ரிட்ஜ் மெக்கானிக் தொடமாட்டார், ஓட்டல் மெக்கானிக் வீட்டுக்கு வரமாட்டார் என்றார். கடைசியில், "அண்ணே, என் வூட்லயே ஒத்த கதவு ஃப்ரிட்ஜு தான் கீது. தங்கச்சிய கஷ்டப்படுத்தாதீங்க" என்று சொல்லி முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கக் கல்லாவைத் திறந்தார்.

வேறு யாராக இருந்தாலும் வாங்கிக்கொண்டு வந்திருப்பார்கள். ஜெயவேல் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். விற்கிறவனே வேண்டாம் என்றால் நம்மைவிடப் பெரிய பார்ட்டி யாரோ கேட்டிருக்கிறார்கள் என்று அர்த்தமாம். திரும்பிப் போய் மீதியையும் கொடுத்துவிட்டார்.

வந்தது. ஆறு பேர் சேர்ந்து இறக்கினார்கள். சமையலறை ஏழடிக்கு ஒன்பதடி. அதில் ஃப்ரிட்ஜ் குடியேறியதால் கிரைண்டர் கூடத்துக்கு வந்தது, அரிசி டிரம் படுக்கையறைக்குப் போனது, வேம்பு காய் நறுக்குவதற்கு வாசற்படிக்கு வந்தார். மஜீது பாய் சொன்னது ஒன்றுகூடத் தப்பவில்லை. சூடு அடித்தது. உறுமல் என் வீட்டுச் சுவரில் கேட்டது. கதவுகள் ஓட்டல் வேகத்துக்குப் பழகியவை, விட்டால் தாமாகவே அறைந்து சாத்திக்கொள்ளும். முதல் வாரத்திலேயே வேம்புவின் முழங்கையில் இரண்டு இடத்தில் கன்றிப்போயிற்று. கம்பித்தட்டுகள் கை நீளத்தைவிட ஆழம். ஓர் எலுமிச்சம்பழம் மார்ச் மாதம் உள்ளே உருண்டு போனது, மே மாதம்தான் திரும்பி வந்தது.

இதையெல்லாம் ஜெயவேல் கவனிக்கவில்லை. அவர் மனதை அரித்தது வேறு. நாலு கதவையும் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு பால் பாக்கெட், ஒரு தயிர்க் கிண்ணம், அரைத்து வைத்த மாவு, கொஞ்சம் கறிவேப்பிலை. காலி அலமாரியைப் பார்த்தால் ஸ்டோர் கீப்பருக்குத் தூக்கம் வராது. முப்பது வருஷம் அப்படி ஒரு காட்சியை அவர் எர்ணாவூரில் அனுமதித்ததில்லை.

அப்போதுதான் ஏப்ரல் பிறந்தது. எங்கள் பக்கத்தில் ஏப்ரல் என்றால் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யட்டும் என்று ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை அறுபத்தோரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. சின்ன ஃபைபர் படகுகள் மட்டும் கரையோரமாகப் போய்க் கிடைத்ததைக் கொண்டுவரும். மீன் குறைவு, விலை அதிகம். பெரிய கடைகள் எல்லாம் ஈயோட்டும் அந்த இரண்டு மாதம்தான் சிலுவையம்மாள் போன்றவர்களுக்குக் கொஞ்சம் கை நிமிரும் காலம். அவர் தம்பி ஃபைபர் படகு வைத்திருக்கிறார், பிடித்துவருவது ஒரு கூடை நெத்திலியோ, காரப்பொடி மீனோ, நாலு நண்டோ, அவ்வளவுதான், ஆனால் அத்தனையும் கண் சிமிட்டுகிற புதுசு.

ஜெயவேலுக்கு இரண்டும் இரண்டும் நாலு என்று பட்டது. நாலு கதவு ஃப்ரிட்ஜும் அறுபத்தோரு நாள் தடையும் ஒன்றுக்காக ஒன்று பிறந்தவை அல்லவா? தடைக்கு முந்தின வாரம் மூன்று நாள் தொடர்ந்து விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போனார். வஞ்சிரம், வவ்வால், சங்கரா, அயிலை என்று கூடைகூடையாக வந்து இறங்கின. எட்டு வீட்டையும் பங்கு சேரச் சொன்னார். தடைக்காலத்தில் காம்பவுண்டே தடையில்லாமல் மீன் சாப்பிடும், ஊரே நம்மைப் பார்த்துப் பொறாமைப்படும் என்றார். எட்டு வீடும் சேர்ந்தது. நானும் சேர்ந்தேன். ஐந்து கிலோ சங்கரா. அவரைக் கேலி செய்துகொண்டேதான் சேர்ந்தேன் என்பதை என் தரப்பு நியாயமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் மீனைக் கழுவிப் பையில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது வேம்பு கேட்டது ஒரே கேள்வி.

"நாளைக்கு சிலுவக்கா வந்தா நா இன்னா சொல்றது?"

"ஸ்டாக்கு கீதுன்னு சொல்லு. முடிஞ்சதும் வர சொல்லு" என்றார் ஜெயவேல், பையின் மேல் மார்க்கர் பேனாவால் தேதி எழுதிக்கொண்டே.

ஒவ்வொரு பைக்கும் தேதி, மீன் பெயர், வீட்டு எண். இனி சட்டம் ஒன்றுதான். கிடங்கில் எந்தச் சரக்கு முதலில் வந்ததோ அதுதான் முதலில் வெளியே போகவேண்டும். பழசை முடிக்காமல் புதுசைத் தொடக்கூடாது. கிரீஸ் டப்பா காலாவதியாகாமல் இருக்க எவனோ ஒரு புத்திசாலி கண்டுபிடித்த சட்டம். பழைய பை முன்வரிசை, புதுப் பை பின்வரிசை. வேம்பு கை போன போக்கில் எதையாவது எடுத்தால் ஜெயவேல் தேதியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவார்.

மறுநாள் ஏழரைக்குச் சிலுவையம்மாள் வந்தார். வேம்பு கை கொடுத்து இறக்கினார், டீ கொடுத்தார், செவுளைத் தூக்கிப் பார்க்கவில்லை. பார்த்தால் வாங்கவேண்டும் அல்லவா? சிலுவை டம்ளரைக் கீழே வைத்தார். எட்டு வாசலையும் ஒரு சுற்றுப் பார்த்தார். மற்ற ஏழு வீட்டிலும் எல்லாரும் திடீரென்று உள்ளே வேலையாகப் போனோம். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அந்த அம்மாள் கூடையைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். கூடையின் கனம் வரும்போது இருந்த அதே கனம். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே அன்று மத்தியானம் சங்கரா வறுவல் சாப்பிட்டேன்.

நாலு நாள் வந்தார். ஐந்தாம் நாள் இறக்காமலே நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார். ஏழாம் நாள் தெருமுனையோடு திரும்பிவிட்டார். அப்புறம் வரவில்லை. வேம்பு ஏழரைக்கு டீ போட்டு வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து பார்ப்பார், எட்டு மணிக்கு அதை ஊற்றிவிட்டு உள்ளே போவார். இதை அவர் யாரிடமும் சொல்லிப் புலம்பவில்லை. ஜெயவேலோ, ஊரில் மீன் விலை கேட்டவர்கள் வாயைப் பிளந்த செய்திகளைத் தினமும் வந்து மகிழ்ச்சியாக எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மீன் எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? முதல் வாரம் மீன் மாதிரி இருந்தது. இரண்டாம் வாரம் மீனின் சொந்தக்காரர் மாதிரி இருந்தது. மே மாதம் வஞ்சிரத் துண்டை வாயில் போட்டால் தெர்மாகோலைக் குழம்பில் நனைத்துக் கொடுத்தது போல் இருந்தது. காம்பவுண்டுப் பூனைக்கு ஒரு துண்டு போட்டுப் பார்த்தேன். மோந்து பார்த்தது, என்னை நிமிர்ந்து பார்த்தது, போய்விட்டது. ராயபுரத்துப் பூனைக்கு என்று ஒரு மரியாதை இருக்கிறது. எல்லாரும் அளவைக் குறைத்துக்கொண்டோம், முட்டை வாங்கினோம், சிலர் திடீரென்று வெள்ளிக்கிழமையோடு செவ்வாய்க்கிழமையும் சைவமானார்கள். ஆகவே சரக்கு குறையவில்லை.

ஜூன் பாதியில் தடை முடிந்தது. முதல் படகுகள் திரும்பிய அன்று காசிமேட்டில் திருவிழாக் கூட்டம். எங்கள் தெருவே குழம்பு வாசனையில் மிதந்தது, எங்கள் காம்பவுண்டைத் தவிர. ஏனென்றால் எங்களிடம் ஏப்ரல் மாதச் சரக்கு இன்னும் முன்வரிசையில் இருந்தது. அதை முடிக்காமல் புதுசைத் தொடக்கூடாதே! இதில் இன்னொரு விசேஷம் பாருங்கள். மீன் வரத்து கூடி விலை இறங்கியதும், விலை இறங்கியபோது வாங்கி வைப்பதுதான் புத்திசாலித்தனம் என்று ஜெயவேல் துறைமுகத்துக்குப் போய் ஜூன் மாத மீனைத் துள்ளத் துள்ள வாங்கிவந்து, தேதி எழுதி, பின்வரிசையில் வைத்தார். அது முன்வரிசைக்கு வர ஆகஸ்ட் ஆகும். ஆகஸ்டில் வாங்குவது அக்டோபருக்கு. கணக்குப் போட்டுப் பார்த்தால், காசிமேட்டுக்குப் பத்து நிமிட நடையில் குடியிருந்துகொண்டு, தினம் புது மீன் வாங்கி, ஆயுள் முழுக்கப் பழைய மீன் மட்டுமே சாப்பிடும் ஒரு வழியை மனிதர் கண்டுபிடித்திருந்தார். ராஜஸ்தான் பாலைவனத்தில் இருப்பவனுக்குக்கூட இந்தக் கொடுமை இல்லை.

ஜூலை முதல் ஞாயிற்றுக்கிழமை. ஜெயவேல் ஒரு முழு வஞ்சிரத்தோடு வந்தார். வால் பளபளவென்று இருந்தது, கண் கண்ணாடி மாதிரி இருந்தது. என் பங்குச் சங்கராவில் மிச்சம் இருந்த பையை எடுத்துப் போக நானும் அந்த நேரம் அங்கே நின்றுகொண்டிருந்தேன். வேம்பு அருவாமனையை எடுத்துப் போட்டு உட்கார்ந்து மீனைக் கேட்டார். இன்றைக்கு இதைத்தான் குழம்பு வைக்கப்போவதாகச் சொன்னார். ஜெயவேல் சிரித்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்தார். ஏப்ரல் பதினொன்றாம் தேதி அயிலை இன்னும் மூன்று பை இருப்பதை நினைவூட்டினார். பழசு இருக்கும்போது புதுசு போகாது, அதுதான் ரூல் என்றார்.

வேம்பு எழுந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"தோ பாரு. இது எங்கம்மா எனக்கு குட்த்த வூடு. கல்யாணம் ஆயி முப்பத்தோரு வருசத்துக்கு மின்ன இந்த வூட்டுக்குள்ள மொதல்ல வந்த சரக்கு நீ. அதுக்கப்பறம் வந்தது சிலுவக்கா. அதுக்கப்பறம் தான் இந்த நாலு கதவு பீரோ. உன் ரூல்படி யாரு மொதல்ல வெளிய போவணும்னு நீயே சொல்லு."

ஜெயவேல் என்னைப் பார்த்தார். நான் சங்கராப் பையின் தேதியைப் படித்தேன்.

"அந்த ரூலு மெட்டீரியலுக்கு தான்" என்றார் கடைசியில்.

"மூணு மாசமா எனக்கு பேச ஆள் இல்ல" என்றார் வேம்பு. "காலீல ஏழரைக்கு அவ வருவா. அந்த ஒரு நேரத்துக்கு தான் நா எய்ந்துக்கறதே. அதயும் மூட்ட கட்டி உள்ள வெச்சுட்ட."

முப்பது வருஷமாக எந்தச் சரக்கு எங்கே எவ்வளவு இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மனிதர், தன் வீட்டில் ஒன்று தீர்ந்துபோயிருப்பதைக் கவனிக்கவே இல்லை. அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். மீனை நீட்டினார். அன்று அந்த வீட்டில் வைத்த குழம்பில் எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. ஜெயவேல் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டதாகக் கேள்வி.

அடுத்த வாரம் மஜீது பாய் வந்து நாலு கதவையும் எடுத்துப் போனார். அப்பவே சொன்னேனே என்று சொல்லவில்லை. அந்த மனிதர் தொழிலில் நிலைத்திருப்பதன் ரகசியம் அதுதான். பழைய ஃப்ரிட்ஜ் என்ன ஆயிற்று என்று கேட்டால், கண்டம் பண்ணியதை எடைக்குப் போடச் சொல்லியும் போடாமல் வேம்பு அதைத் தன் அக்கா வீட்டில் கொடுத்து வைத்திருந்தார். திரும்பி வந்தது. கைப்பிடியில் ஒரு திருகாணியைத் திருகினார்கள். ஜெயவேல் குணமாகிவிட்டார் என்று நினைக்காதீர்கள். ஆஸ்பத்திரி லாண்டரியில் ஓடிய வாஷிங் மெஷின் ஒன்று விலைக்கு வருகிறது, வீட்டில் வைக்கலாமா என்று நேற்று என்னைக் கேட்டார். முன்பணம் கொடுத்தாயிற்றா என்று முதலில் கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வேம்பு காசிமேட்டுக்கு நடந்து போய்ச் சிலுவையம்மாளைத் தேடிப் பிடித்தார். கோபம் எதுவும் இல்லையாம். கட்டிப் பிடித்துக்கொண்டாராம், வீட்டில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாராம். காலையில் எப்போதும்போல வரவேண்டும் என்று வேம்பு கேட்டதற்கு மட்டும் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் பதில் சொல்லியிருக்கிறார்.

"வர்றேன் வேம்பு, வராம எங்க போவப்போறேன். ஆனா தட காலத்துல வண்ணாரப்பேட்ட ஆளுங்கதான் என் கூடைய எறக்கி வெச்சாங்கோ. அவங்களுக்கு குட்த்துட்டு தான் இங்க வர முடியும். மிச்சம் இருந்தா ஒனக்கு" என்றாராம்.

வருகிறார். தினம் வருகிறார். ஏழரைக்கு அல்ல, பதினொன்றுக்கு. கூடையில் அடியில் நாலு காரப்பொடி, உடைந்த நண்டுக்கால், சில நாள் வெறும் ஐஸ் தண்ணீர். பத்தொன்பது வருஷம் முதல் வாசலாக இருந்த நாங்கள் இப்போது கடைசி வாசல். வேம்பு சிரிப்பது மறுபடியும் கேட்கிறது, ஆனால் சிலுவைக்கு அப்போது வீட்டுக்குப் போகிற அவசரம், டீயை நின்றுகொண்டே குடிக்கிறார். எட்டு வீட்டுக்காரர்களும் வெயிலில் பாத்திரத்தோடு நிற்கிறோம். நானும் நிற்கிறேன்.

நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே படித்தீர்கள், எனக்குத் தெரியும். உங்கள் வீட்டில் நாலு கதவு கிடையாது, மார்க்கர் பேனா கிடையாது, நீங்கள் இந்த இனமே இல்லை. நல்லது. ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். எழுந்து போய் உங்கள் வீட்டு ஃப்ரீசரைத் திறந்து, பனி மூடிய அடியில் கையை விட்டுப் பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்கே மறந்துபோன பை ஒன்று இருக்கும். அதைக் கொண்டுவந்து வைத்த மறுநாள் காலை, உங்கள் வாசலில் வந்து நின்ற யாரிடம் "இன்னிக்கு வேணாம்" என்று சொன்னீர்கள்? அவர் இப்போதும் உங்கள் தெருவுக்கு வருகிறாரா?